நான்காம் கடிதத்தின் பெறுநர்

உத்திரமேரூர்
7 மே 1961

சேசு மரி சூசை

அன்புள்ள ஜானகிராமனுக்கு,

இந்தக் கடிதத்தில் வரிசையாகச் சொல்லப் போகிறவை:

1. பாரிஸிலிருந்து வந்த பதில்.
2. தலைக்குறி பற்றி நான் கண்ட முடிவு.
3. அவர்கள் கேட்கும் ஒரு பெயர்.
4. நான்காம் கடிதத்தின் பெறுநர்.
5. உன்மேல் எனக்கிருக்கும் ஒரு மனத்தாங்கல்.

வரிசை போடாமல் எனக்குப் பேச வராது என்று நீதிமன்றக் கச்சேரி முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நீ. இப்போதும் சிரித்துக்கொள்.

1. வியாழக்கிழமை தபால்காரர் வெளிநாட்டு உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்கப் பயந்து மதியம்வரை மேசைமேல் வைத்திருந்தேன். நான் சேர்த்த பழைய பிரெஞ்சுக் கடிதங்களின் அட்டவணையை அவர்கள் இலக்கிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சிடப் போகிறார்களாம். சாலவாக்கத்தில் நாற்று நட்டுப் பிழைத்த முனியன் மகன், மாதா கோவில் சாமியார் கையால் பிரெஞ்சு எழுத்துக் கற்றவன், புதுச்சேரிக் கச்சேரியில் பிறர் வாக்குமூலங்களை மொழிபெயர்த்தே தலை நரைத்தவன். அவன் பெயர் பாரிஸில் அச்சேறப் போகிறது. மூன்று முறை படித்தேன். வேறு யாருக்கோ எழுதியதைத் தவறாக எனக்கு அனுப்பிவிட்டார்களோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

2. என் கைவசம் உள்ளவை பதினொரு கடிதங்கள். மூன்று, வேறு யார் யாரோ எழுதியவை, வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்தபோது ஏலத்தில் வாங்கியவை. மற்ற எட்டும் நாவலாசிரியர் எமிலியன் தெவ்ரோ தன் கையால் எழுதியவை. எட்டும் நீ தந்தவை. முதல் கடிதத்தில் இல்லாத ஒரு சிறு குறி மற்ற ஏழின் தலையிலும் இருப்பதை அட்டவணையில் எழுதியிருந்தேன். அது '2' என்ற எண். முதல் படியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இரண்டாம் படியைத் தபாலில் சேர்ப்பது அவர் பிற்கால வழக்கம் என்பது என் ஊகம். பாரிஸ்காரர்களுக்கு இந்த ஊகம் மிகவும் பிடித்துவிட்டது. வேறெங்கும் கிடைத்த தெவ்ரோ கடிதம் எதிலும் இந்தக் குறி இல்லையாம்.

3. கடிதங்கள் யார் மூலம் வந்தன, நீதிபதி வீட்டுப் பெட்டியை இப்போது வைத்திருப்பவர் யார் என்று கேட்கிறார்கள். தெவ்ரோவின் சித்தி மகன் புதுச்சேரியில் நீதிபதியாக இருந்தார், அவர் வீட்டுப் பெட்டியை ஒரு மூதாட்டி காத்துவருகிறார் என்று நீ சொன்னாயே, அந்த அம்மாளின் பெயர் வேண்டும். உன் பெயரையும் நன்றியோடு போட விரும்புகிறேன். ஜூலையில் ஒரு பேராசிரியர் நேரில் வருகிறார்.

4. நான்காம் கடிதம் மனைவியை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதியது. 'உப்புச் சாடி எந்த மாடத்தில் இருக்கிறது என்று கேட்க இனி உங்களுக்கு ஆளில்லை. தேடாதீர்கள். உப்பில்லாமல் கொஞ்ச நாள் சாப்பிடுங்கள். அது ஒன்றும் அவமானமில்லை.' நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு வெள்ளைக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது? மற்ற நண்பர்களை எல்லாம் நீ என்று அழைக்கும் தெவ்ரோ இவரை மட்டும் நீங்கள் என்கிறார். ஆகவே அட்டவணையில் 'பெறுநர் யாரென்று தெரியவில்லை. எழுதியவரைவிட மூத்தவராக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர் கண்டுபிடிப்பார்.

5. என்னைத் தனியாக விட்டு மேரி இறந்து நான்கு வருஷம் ஆகப்போகிறது. நீ வந்தாய், நின்றாய், மோர் குடித்தாய், போனாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகும் ஒரு வரி எழுதவில்லை. நல்ல செய்தி சொல்லும் நாளில் இதையும் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஞானதாஸ்

*

உ

புதுச்சேரி
13 மே 1961

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு ஜானகிராமன் நமஸ்காரம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி ஜெகதாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். "இன்னா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா? மூஞ்சி வெளுத்துப் போச்சே" என்றாள். இல்லை, ஐயாவுக்கு நல்ல செய்தி என்றேன். "நல்ல சேதிக்கா இப்படி வேர்க்குது உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஐயா, என்மேல் கோபப்படக் கூடாது. அச்சு வேண்டாம். தங்கள் அலமாரியில் இருக்கும்வரை அந்தக் கடிதங்கள் தங்களுடையவை. மழைக்காலத்தில் எடுத்து வைப்பீர்கள், வெயிலில் காட்டுவீர்கள், வாசிப்பீர்கள். அச்சேறிவிட்டால் ஆயிரம் பேர் கை வைப்பார்கள். நமக்கு எதற்கு அந்த வம்பு?

அந்த மூதாட்டி காலமாகிவிட்டார். பெட்டி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் பெயரைப் போட வேண்டாம். பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேர் அலுவலகத்தில் படி எழுதிக்கொண்டிருந்த என்னை இப்போது சர்க்கார் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய காகிதம் என்று யாராவது பேச்செடுத்தாலே மேலதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார்.

பேராசிரியரை வர வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். தங்களுக்கு உடல்நலமில்லை என்று சொன்னால் போதும்.

ஐந்தாவது குறிப்பையும் படித்தேன். வந்தேன். பேச வரவில்லை.

தங்கள் பணிவுள்ள,
ஜானகிராமன்

*

உத்திரமேரூர்
28 மே 1961

சேசு மரி சூசை

அன்புள்ள ஜானகிராமனுக்கு,

இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

பாரிஸுக்குப் படங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. பஜார் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஏகாம்பரத்தை வீட்டுக்கு வரவழைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். நேற்று படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று தலைப்பகுதியை மட்டும் பெரிதாக்கி, ஏழையும் ஒரே அட்டையில் ஒட்டியிருந்தான். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். கச்சேரிப் பழக்கம்.

"சார், இது யார் எய்தினது?"

"தெவ்ரோ. பிரான்ஸ் தேசத்துப் பெரிய நாவலாசிரியர்."

"அவுரு நம்மாளா?"

"ஏன் கேட்கிறாய்?"

"இல்ல, புள்ளையார் சுழி போட்டுக்கினு ஆரம்பிச்சிகீறாரே, அதான் கேட்டேன்."

அது இரண்டு என்ற எண் என்று விளக்கினேன். முதல் படி, இரண்டாம் படி என்ற என் ஊகத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"இன்னா சார் ரெண்டு? அவுரே கீய தேதி போட்டுகீறாரு பாருங்க, அதுல கீது ரெண்டு. கொக்கு மாதிரி கய்த்த வளைச்சிக்கினு. இது அதுவா? இது உள்ளேந்து சுழிச்சிக்கினு வந்து வால இஸ்துக்கினு போவுது. எங்க நைனா எதிர்ல இத்த போடாம பேனாவ எடுத்தா பொடனில அடி உய்வும். நீங்க வேதக்காரரு சார், உங்க வூட்ல போட மாட்டீங்க. அதான் உங்களுக்கு ரெண்டாத் தெரியுது."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவனும் சிரித்தான். "எவனோ நம்மூர் கிளார்க்கு தமாசு பண்ணிகீறான் சார்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கதவைத் தாழிட்டேன். அட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் ஏழையும் மறுபடி பார்த்தேன்.

ஜானகிராமா, என் கண்ணில் கோளாறு இருக்கலாம். ஏகாம்பரம் சொன்னதும் தவறாக இருக்கலாம். நீதிபதி வீட்டில் தமிழ்க் குமாஸ்தா யாராவது இருந்து, வந்த கடிதங்களை அடுக்கும்போது தன் வழக்கப்படி தலையில் போட்டு வைத்திருக்கலாம் இல்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மூதாட்டி எப்போதாவது அப்படி ஒரு குமாஸ்தாவைப் பற்றிச் சொன்னாரா? ஆம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் நம்பிவிடுவேன். வேறு எதையும் கேட்க மாட்டேன்.

அந்தக் கடிதங்களை வேறு எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் மனம் வரவில்லை.

ஞானதாஸ்

*

உத்திரமேரூர்
10 ஜூன் 1961

திரு. ஜானகிராமன் அவர்களுக்கு,

பதின்மூன்று நாள் காத்திருந்தேன். தங்களிடமிருந்து பதில் இல்லை. ஆகவே நானே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

தாங்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் நூற்று முப்பதுக்கு மேல் இருக்கின்றன. வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கடைசியாக வந்த மே பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்தேன். அதன் தலையை ஏகாம்பரம் பெரிதாக்கிய படத்தின் பக்கத்தில் வைத்தேன். சுழி உள்ளே தொடங்குகிறது. வால் நெல் அறுக்கும் அரிவாள் போல நுனியில் சற்று மேலே தூக்குகிறது. ஏழிலும் அப்படியே. தங்கள் நூற்று முப்பதிலும் அப்படியே.

முப்பது வருஷமாக அதைப் பார்த்து வந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் கடிதத்தை வாசிக்கத் தொடங்குவது எப்போதும் ஊர்ப் பெயரிலிருந்து.

காகிதம் பழையது, வெளிச்சத்தில் தெரியும் அதன் நீர்க்குறியும் பழையது. நொத்தேர் அலுவலகப் பழைய பதிவேடுகளின் கடைசியில் வெற்றுத் தாள்கள் இருக்கும் என்று எனக்கும் தெரியும். மை பற்றி 'பிரான்சில் அக்காலத்தில் வழங்கிய மை' என்று அட்டவணையில் எழுதியிருக்கிறேன். ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய நம்மூர் மை. அலுவலக மையைத் தாங்களே காய்ச்சுவீர்கள் என்று அந்நாளில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

எழுபது வயதில் ஒருவனைக் கோமாளி ஆக்குவதால் தங்களுக்கு என்ன கிடைத்தது? பாரிஸ்காரர்கள் ஜூலை பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறார்கள். அதற்குள் நான் பதில் எழுத வேண்டும். தந்தவர் பெயர் கேட்கிறார்கள். அந்தப் பெயரை எழுதினால் தங்கள் வேலை போகும், ஒருவேளை போலீசும் வரும். எழுதாவிட்டால் பொய்க் கடிதம் செய்தவன் நான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று தெரியவில்லை. தெரியும்வரை தூக்கம் இல்லை.

நான்காம் கடிதமும்தானா என்று கேட்க விரும்புகிறேன். கேட்கவும் பயமாக இருக்கிறது. மேரி போன பிறகு முதன்முதலாக நான் அழுதது அதைப் படித்துத்தான்.

இப்படிக்கு,
மு. ஞானதாஸ்

*

புதுச்சேரி
16 ஜூன் 1961

ஐயா,

தாங்கள் என்னைத் திரு. என்று எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கேதான் மிச்சத்தைப் படித்தேன்.

ஆம். முதல் கடிதம் மட்டும் தெவ்ரோவுடையது. மற்ற ஏழும் என்னுடையவை. நான்காம் கடிதமும்தான்.

முதல் கடிதத்தை அலுவலகக் குப்பையில் கண்டெடுத்தேன். தாங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதும், வெற்றிலைக் கையோடு தொட்டுவிட்டேன் என்று என்னைத் திட்டியதும் நினைவிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் 'வேறு ஏதாவது அகப்பட்டதா' என்று கேட்டீர்கள். இல்லை என்று எழுத ஒவ்வொரு தடவையும் மனம் கூசியது. வேலையை விட்டு ஊர் போன பிறகு தங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. படி எழுதிப் படி எழுதி எந்தக் கையெழுத்தும் எனக்கு வந்துவிடும் என்று தாங்களே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். பெட்டி, மூதாட்டி எல்லாம் நான் கட்டியவை. தங்களைக் கோமாளி ஆக்க நினைத்ததில்லை. தாங்கள் அட்டவணை எழுதுவீர்கள் என்றோ, அது கடல் தாண்டிப் போகும் என்றோ நினைக்கவே இல்லை.

சுழி போட்டதே எனக்குத் தெரியாது, ஐயா. தங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியாது. அவர் எழுத்தின் சாய்வு, அவர் காற்புள்ளி, கையெழுத்தின் கீழ் இழுக்கும் கோடு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பழகினேன். ஆனால் வெற்றுத் தாளில் பேனா வைத்தால் முதலில் விழுவது அதுதான். காஞ்சிபுரத்தில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி அப்பா பழக்கியது. கை என்னைக் கேட்டா போடுகிறது?

ஜெகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏய்யா, அந்தப் பெரியவரு எவ்ளோ நம்பிகினு இருந்தாரு. துக்கத்துக்குப் போயி வாய மூடிக்கினு வந்தே. அப்புறம் வெள்ளக்காரன் பேர்ல லெட்டர் எய்தினியா? உன் வாயில இன்னா கொயக்கட்டையா?" என்றாள்.

அன்றைக்குத் தாங்கள் எனக்கு மோர் கொடுக்க எழுந்து போனீர்கள். உள்ளே உப்புச் சாடி தேடும் சத்தம் கேட்டது. மாடத்தில், அலமாரியில், அடுப்புக்குப் பின்னால். கடைசியில் உப்பில்லாத மோரைக் கொண்டுவந்து, "உப்பு போட்டிருக்கிறேன்" என்றீர்கள். நான் குடித்தேன். அதற்குமேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து தமிழில் எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்று எழுதுவேன், அதற்குமேல் கை ஓடாது. ஏழெட்டுத் தாள் வீணாயிற்று. பிறகு அந்த மனிதரின் பெயரைப் போர்த்திக்கொண்டு எழுதினேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது.

என் பெயரைப் பாரிஸுக்கு எழுதிவிடுங்கள். தங்கள் பெயரில் ஒரு புள்ளி விழக் கூடாது. வேலை போனால் போகட்டும். காஞ்சிபுரத்தில் அண்ணன் தறி இருக்கிறது.

ஜானகிராமன்

*

உத்திரமேரூர்
2 ஜூலை 1961

சேசு மரி சூசை

அன்புள்ள ஜானகிராமனுக்கு,

இந்தத் தடவை வரிசை போடவில்லை. போட உட்கார்ந்தேன், எதை முதலில் வைப்பது என்று தெரியவில்லை.

பாரிஸுக்கு நேற்று எழுதிவிட்டேன். அட்டவணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், எட்டில் ஏழு கடிதங்கள் தெவ்ரோவுடையவை அல்ல, தந்தவர் பெயரைச் சொல்வதற்கில்லை, பேராசிரியர் வர வேண்டியதில்லை என்று எழுதினேன். தமிழர்கள் எந்தத் தாளின் தலையிலும் போடும் ஒரு குறியை, தமிழனாகிய நான் பிரெஞ்சு எண் என்று படித்தேன் என்பதையும் சேர்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுத அரை நாள் ஆயிற்று. அவர்கள் தங்கள் பத்திரிகையில் என்னைப் பற்றி ஒரு குறிப்புப் போடக்கூடும். போடட்டும். பொய்க் கடிதம் செய்தவன் நானே என்று நினைத்தாலும் மறுத்து எழுதப் போவதில்லை. தபால் நிலையத்தில் உறையைப் பெட்டிக்குள் விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "இன்னா பெரியவரே, போடப் போறியா, பொட்டிக்கு மாலை போடப் போறியா?" என்று கேட்ட பிறகுதான் கை விட்டது.

இனி நீ வேலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு உண்டான கலக்கம் இன்னும் தீரவில்லை. மறைத்துப் பேச மாட்டேன். ஆறு வருஷம் நீ என்னிடம் பொய் சொன்னாய். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஆறு கடிதங்களையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் போடு. மையைப் பற்றிய என் நாலு பக்கக் குறிப்பையும் சேர்த்துப் போடு. ஆனால் ஆறாம் கடிதத்தில் மழையைப் பற்றி வரும் இடம் நன்றாக இருக்கிறது. எரிப்பதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்.

உன் கடைசிக் கடிதத்தின் தலை வெறுமையாக இருந்தது. உறையைப் பிரித்ததும் முதலில் அங்கேதான் என் கண் போயிற்று. இது உன் கடிதம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் பொருட்டு நீ உன் வழக்கத்தை விட வேண்டாம். சுழி போட்டே எழுது.

நான்காம் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அது மேரியின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. உப்புச் சாடி நீ வந்து போன மறுநாள் அகப்பட்டது. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள், எறும்புக்குப் பயந்து. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அட்டவணையின் என் பிரதியில் நான்காம் பதிவை மட்டும் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர். 'பெறுநர் யாரென்று தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஞானதாஸ், உத்திரமேரூர்' என்று எழுதினேன். எழுதியவரைவிட மூத்தவர் என்று ஊகித்தது சரிதான். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகவே மே ஏழாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. மேரி போனபோது நீ ஒரு வரிகூட எழுதவில்லை என்று அதில் குறை சொல்லியிருந்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அந்த ஐந்தாவது குறிப்பு தவறு.

ஞானதாஸ்